அம்மாவின் கிளட்ச் கால்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் காருக்கு வந்த எல்லாக் கோளாறுக்கும் அம்மாவின் இடது கால்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது.

கார் ஒரு பழைய ஃபியட். பம்பாயில் செய்ததுதான் என்றாலும் இத்தாலிக்காரன் வரைந்த உடம்பு என்பார் அப்பா. பாளையங்கோட்டையில் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அம்மா லைசென்ஸ் வாங்கிய சில மாதங்களில் வண்டி குதிக்க ஆரம்பித்தது. கிளம்பும்போது முழு உடம்பும் உலுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் கம்பி கையைத் தட்டிவிடும். முன்பக்கம் எங்கோ ‘டக்’ என்று இடிக்கும். அப்பா ஓட்டினாலும் அப்படித்தான். ஆனால் அதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: “நீ பழக்கிவிட்டதுதான்.” என் பங்குக்கு நான் ‘தவளை வண்டி’ என்று பெயர் வைத்தேன். தெருப்பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா சாவியை ஆணியில் மாட்டியவள், பிறகு அதைத் தொடவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆழ்வார்குறிச்சிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தலைமை ஆசிரியையாகக் கேட்டார்கள். காரில் என்றால் போய்வந்துவிடலாம்; பஸ் மாறி மாறிப் போனால் வீடு திரும்ப இருட்டிவிடும். தம்பிக்கு மூன்று வயது. தனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று அம்மா கடிதம் எழுதி, திங்கட்கிழமை கொடுப்பதற்காகக் கைப்பையில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து எங்களோடு சித்தியும் காரில் வந்தாள். அம்மாவின் தங்கை; கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. வழி முழுக்க அந்த ‘டக்’கைக் கேட்டுக்கொண்டே வந்தவள், வீட்டு வாசலில் இறங்கியதும் பானெட்டைத் திறந்தாள்.

“அக்கா, நீ ஏறி உக்காரு. ஸ்டார்ட் பண்ணி கியரப் போட்டு, பிரேக்க நல்லா அமுக்கிக்கிட்டு, கிளட்ச பைய விடு.”

“எனக்கு வராதுட்டி.”

“வரும். ஏறு.”

அம்மா பயந்துகொண்டே கிளட்சை விட்டாள். எஞ்சின் ஒரு பக்கமாக எழுந்து, திரும்ப ‘டக்’கென்று உட்கார்ந்தது.

“அத்தான், இங்கன வந்து பாருங்க. எஞ்சினத் தாங்குத ரப்பர் கிழிஞ்சு கெடக்கு. இது கால் செஞ்ச வேலையில்ல. வயசு செஞ்ச வேலை.”

எஞ்சின் நேராக இரும்பின்மேல் உட்காருவதில்லை, இரண்டு பக்கமும் ரப்பர் வைத்த மவுண்டிங்மேல்தான் உட்காருகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அப்பாவுக்கும் அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் உடனே ஸ்கூட்டரில் ஜங்ஷன் கடைக்குப் போய், காரின் பெயரை மட்டும் சொல்லி ஒரு ஜோடி வாங்கிவந்தார். அதற்குள் சித்தி எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகை வைத்து, ஜாக்கியால் தூக்கி, பழசைக் கழற்றியிருந்தாள். புதுசின் ஓட்டைகள் ஒரு விரற்கடை தள்ளி நின்றன.

சித்தி என் கணக்கு நோட்டை வாங்கி, அதில் பழைய மவுண்டிங்கை வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரையச் சொன்னாள். எண்ணெய் ஊறிய ரப்பர் இரண்டு துண்டாகப் பிளந்திருந்தது. சேர்த்துப் பிடித்து வரைந்தேன். நோட்டோடு நானும் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, இதுல மூணு மாதிரி வருது. எல்லாம் ஒரே மூஞ்சிதான்” என்று கடைக்காரர் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே மூன்றையும் மேசைமேல் வைத்தார். அப்பா உயரத்தை அளந்து பார்த்தார்.

“பழசு அமுங்கியிருக்கும், உயரத்தப் பாக்காதீங்க. ஓட்டையப் பாருங்க” என்றேன், சித்தி சொல்லியனுப்பிய அதே குரலில். மூன்றாவது, என் பென்சில் கோட்டில் அப்படியே உட்கார்ந்தது.

திரும்பி வந்து மாட்டும்போது அப்பா ஸ்பானரை எடுத்து முறுக்கப் போனார். சித்தி விடவில்லை. “மொதல்ல அது தன் எடத்துல உக்காரட்டும் அத்தான்.” நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, ஜாக்கியை இறக்கி, எஞ்சினை நாலு தடவை அசைத்துவிட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக முறுக்கினாள்.

அம்மா ஓட்டினாள். சித்தி முன்னால், அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்சீட்டில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. தெருப்பிள்ளைகள் குதிக்கும், குதிக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். வண்ணார்பேட்டை தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி இறங்கி, வண்டியைத் திருப்பி மறுபடியும் பாலத்துக்கு வந்தோம். ஒரு உலுக்கல் இல்லை. அப்பா ஜன்னல் வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டிரு” என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

அம்மா கொஞ்ச தூரம் போய், வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சித்தி அவள் முதுகில் கை வைத்தாள்.

மறுபடியும் கெட்டுப்போச்சோ என்று காது கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிற வண்டியை ஒருவர் எதற்காக நடுவழியில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பசி வேறு.

“என்னம்மா? வண்டிதான் சரியாயிட்டே, போலாம்லா?” என்றேன்.