மூன்றாம் நினைவூட்டல்

வந்த கடிதத்துக்குப் பதினைந்து நாளில் பதில் போக வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. பணிக்காலம் முழுவதும் அதைக் காப்பாற்றினேன். மனைவி இறந்த பிறகு, துணை தேடும் செயலி ஒன்றில் சேர்ந்தேன். கம்பம்மெட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தினமும் பேசினார். என்னை மணந்துகொள்வீர்களா என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. பதினாறாம் நாள் முறைப்படி நினைவூட்டல் அனுப்பினேன்: ‘பொருள்: திருமணம் தொடர்பாக. பார்வை: எனது முந்தைய செய்தி.’ பிறகு இரண்டாவது.

சித்தூரில் என் எதிர்வீட்டுக்காரர் சமூகவியல் பேராசிரியர். காதலையும் நட்பையும் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவரிடம் இரண்டையும் காட்டினேன்.

“ஏனுங்க, பொண்ணு கேக்கறீங்களா, தாலூக்கா ஆபீஸுக்கு எழுதறீங்களா?”

“பதிலே வரலைங்களே.”

“முடியாதுன்னு சொல்லச் சங்கடப்பட்டுத்தானுங்க இந்த ஆப்புல பேசாம இருந்துக்கறாங்க. அதைத்தான் நாங்க பக்கம் பக்கமா ஆராய்ச்சி பண்றோம்.”

அதற்குப் பிறகு குளிக்கப் போனாலும் கைபேசி கூடவே வந்தது. மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்றாவது நினைவூட்டலில் பார்வையும் இல்லை, பொருளும் இல்லை. ‘தனியாக இருக்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதினேன்.

‘என்னாலயும் முடியலை சார். ஆனா பிள்ளைங்க சம்மதிக்க மாட்டாங்க. இனிமே எழுதாதீங்க’ என்று பதில் வந்தது, முகூர்த்த மாதமான ஆவணி மூன்றாம் தேதி.