கை நீட்டினால் நிற்கும் வண்டி

சாயங்காலம் அஸர் தொழுது முடித்ததும் நஃபீசா கைப்பேசியோடு மாடிக்குப் போய்விடுவாள். லப்பைக்குடிக்காட்டில் அந்த நேரத்துக்கு வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று வரும். காயப்போட்ட துணிகள் தலைக்கு மேல் படபடக்க, அவள் திரையில் ஓர் ஊரைத் திறப்பாள். ஷார்ஜா.

மகள் ஹுமா திருச்சிக்குப் போகும்போது கார் பிடிப்பதற்காகப் போட்டு வைத்திருந்த ஆப் அது. பெரம்பலூரில் வைத்துப் பார்த்தால் வெறும் ரோடுதான் தெரியும். ஒரு வண்டியும் வராது. ஒரு நாள் விளையாட்டாக ஊர்ப் பெயரை மாற்றியபோது, சுண்டுவிரல் நகமளவு வெள்ளைக் கார்கள் தெருத்தெருவாக ஊர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று தன் கணவர் அப்துல் நாசர் ஓட்டும் டாக்ஸி என்று நஃபீசா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மற்றவை எல்லாம் அவசரமாகத் திரும்ப, பள்ளிவாசல் முனையில் ஒன்று மட்டும் தயங்கித் தயங்கிப் போகும். அவர்தான். கல்யாணத்தன்று பந்தலுக்குள் நடந்து வந்ததும் அப்படித்தான்.

அந்தப் பந்தல் பிரித்த கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறியவர் அவர். ஹுமா பிறந்ததை போனில்தான் கேட்டார். வருவார், மெத்தையின் மறுபாதி சூடேறும் முன்பே போய்விடுவார். அரியலூரிலிருந்து வாழ வந்த நஃபீசாவுக்குக் கணவர் என்றால் ஒரு குரல், அவ்வளவுதான். இப்போது அந்தக் குரல் நகர்வதைக் கண்ணால் பார்க்கிறாள். வெள்ளைக் கார் சிக்னலில் நின்றால் அவள் மூச்சும் நிற்கும். புறப்பட்டதும், பத்திரமாகப் போய்ச்சேரட்டும் என்று துஆ ஓதித் திரையின் மேல் மெல்ல ஊதுவாள். கண்ணாடியில் படியும் ஆவிக்குள் கார் மங்கலாகப் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள்: "நேத்து கடற்கரை ரோட்டுல ரொம்ப நேரம் நின்னீங்களே, சாப்பிடவா?"

"நான் எங்க கடற்கரைக்குப் போனேன்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு தானாக அடங்கியது.

"ஏ புள்ள, அதெல்லாம் ஆப் வண்டி. நான் ஓட்டுறது மீட்டர் டாக்ஸி. என் வண்டி அதுல தெரியாது."

"அப்ப இத்தன நாளா நான் யாருக்கு ஓதி ஊதுனேன்?"

"யாரோ ஒருத்தனுக்கு. அவனுக்கும் ஊருல ஒருத்தி இருப்பால்ல. போவட்டும் விடு."

துணிகளுக்கு நடுவே நின்று அவள் அழுதாள். யாரோ ஒருவனின் வண்டிக்கா இத்தனை நாளும் ஊதிக்கொண்டிருந்தோம் என்று நினைத்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் கேட்டாள்: "நீங்களும் அந்த ஆப்புலயே சேந்துடக் கூடாதாங்க? பாத்துக்கிட்டாவது இருப்பேன்."

"இங்கயும் எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஆனா போன்ல பேரக் குடுக்குறவங்களுக்குத்தான் அந்த வண்டி வரும். என் வண்டி அப்படியில்ல. ரோட்டுல நின்னு யாரு கைய நீட்டுனாலும் நிக்கும்."

"நான் நீட்டுனா?"

"நீட்டித்தான் பாரேன்."

அன்றிலிருந்து அவள் அந்தக் கார்களைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். குன்னம் ரோட்டில், மக்காச்சோளக் காட்டோரம் நின்று எத்தனை மினிபஸ்ஸுக்குக் கை நீட்டியிருப்பாள். ஒரே ஒரு முறை அவர் வண்டிக்கு நீட்ட வேண்டும். அது நின்றுவிட்டால், வாழ்க்கையில் காத்திருந்ததெல்லாம் கழிந்துவிடும் என்று தோன்றியது.

அவளுக்கு ஷார்ஜா போக ஒரு மாத விசா வந்தது. பெட்டி கட்டும்போது ஹுமா படித்துப் படித்துச் சொன்னாள். "அத்தாவுக்கு லீவு கெடைக்கல. நீ வெளிய வந்ததும் நான் இங்கேருந்தே கார் புக் பண்ணிடுறேன்மா. டிரைவர் பேரு, நம்பரு, போற வழி எல்லாம் தெரியும். மீட்டர் டாக்ஸில ஏறிடாத. புது ஆளுன்னு தெரிஞ்சா ஊரெல்லாம் சுத்திக் காட்டுவான்."

"ஒங்கத்தாவும் மீட்டர் டாக்ஸிதான்டி."

"அத்தாவ யாரு சொன்னா? ஒடனே வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துடுவ."

நாசரும் போனில் அதையே சொன்னார். "ஏர்போர்ட் வரிசையில நிப்பேன் புள்ள. ஆனா முதல்ல நிக்கிற வண்டிலதான் ஏறணும், அதான் சட்டம். என் முறை வந்து வேற யாரும் ஏறிட்டா நான் போயித்தான் ஆகணும். மனசு ஒடஞ்சிடாத. ஹுமா சொல்ற வண்டில வந்துடு."

விமான நிலையத்தை விட்டு நஃபீசா வெளியே வந்தபோது சூரியன் மறைந்த மஃரிபு நேரம். வானம் மருதாணி பூசிய உள்ளங்கை போலிருந்தது. எதிரே டாக்ஸிகளின் வரிசை. நாலாவது வண்டியின் முன் கண்ணாடியில் பச்சை நூல் குஞ்சம் ஆடியது. அவள் பின்னிக் கொடுத்தது. அதற்குப் பின்னால் அந்த முகம். இறங்கி வர அனுமதியில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

கைப்பேசி அதிர்ந்தது. "அம்மா, ஒன் வண்டி வந்துடுச்சு. வெள்ளைக் கார்."

"வேணாம்னு சொல்லிடு."

"ஏம்மா?"

"ஒங்கத்தா நிக்கிறாரு."

"சரிம்மா" என்றாள் ஹுமா.

வரிசையில் ஆட்களை ஏற்றிவிடும் மலையாளி, முதல் வண்டியைக் காட்டினார். நஃபீசா ஒதுங்கி, பின்னாலிருந்த குடும்பத்தை முன்னே விட்டாள். இரண்டாவது வண்டிக்கு இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். வண்டிகள் நகர்ந்தன; குஞ்சம் நெருங்கி வந்தது. இன்னும் ஒரே ஒரு வண்டிதான் நடுவில். திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை.

"எந்தா உம்மா, போகுன்னில்லே?" என்றார் மலையாளி. குரலில் பொறுமை தீர்ந்திருந்தது.

அவள் கண்கள் அலைந்தன. இந்த ஒரு வண்டி தாண்டவில்லையென்றால் அத்தனையும் வீண். அப்போதுதான் தூணோரம் கைப்பேசியைக் குலுக்கிக்கொண்டு நின்ற கோட்டுக்காரர் கண்ணில் பட்டார். திருச்சி விமானத்தில் பக்கத்து சீட்டில் வந்தவர்.

"வண்டி வரலீங்களா?"

"அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு அரைமணியா காட்டுதும்மா."

"இதுல போயிடுங்க. கையக் காட்டுனா நிக்கிற வண்டி, நல்ல வண்டி."

அவர் ஏறிக்கொண்டார். வண்டி போயிற்று. காலியான இடத்துக்குப் பச்சைக் குஞ்சம் மெல்ல நகர்ந்து வந்தது. அது தானாகவே நின்றிருக்கும். ஆனாலும் நஃபீசா, குன்னம் ரோட்டில் நிற்பவளைப் போல, வலது கையை முழுசாக நீட்டினாள். அப்புறம்தான் நின்றது.

பின்சீட்டில் ஏறினாள். அத்தரும் பெட்ரோலும் கலந்த வாசனை. நாசர் திரும்பாமல் கண்ணாடியில் பார்த்தார். சட்டப்படி மீட்டரைத் தட்டினார். சிவப்பு எண்கள் எரிந்தன.

"எங்க போவணும்?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

நஃபீசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூத்துக்கொண்டிருந்தன.

"ஒங்க ரூமுக்குத்தான்" என்றாள். "கொஞ்சம் சுத்திக்கிட்டே போங்க."