அய்யா அடிக்காத சீட்டி

சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்குவதுதான் எங்கள் அய்யாவின் தொழில். திருவாடானைப் பக்கம் பாதி ஊருக்கு அதுதான் சோறு. அந்தப் புகை காலமெல்லாம் அவர் நெஞ்சுக்குள் போனது. பீடிகூடக் குடிக்காத மனுசர். கடைசியில் வாசலிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்.

ஒரே மகள் நான். ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நுரையீரல் கெட்டது கெட்டதுதான், மருந்து ஓரளவுக்குத்தான் கேட்கும் என்றார் டாக்டர். அங்கே மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் அம்மா ஒருத்தர் அய்யாவை முன்னால் குனிந்து, முழங்கையை முட்டில் ஊன்றி உட்கார வைத்தார்.

"மூக்கால இழுங்க. சீட்டி அடிக்கிற மாதிரி உதட்டக் குவிச்சு மெதுவா ஊதி விடுங்க. தினமும் கொஞ்ச தூரம் நடங்க. நடக்காமப் படுத்துட்டா அப்புறம் எந்திரிக்க முடியாதுய்யா."

"இந்த வயசுல சீட்டியா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் அய்யா. அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் அது கேட்டது. குழாயடி வரை நடப்பார். அங்கே வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதுவார். மூச்சு நிதானப்பட்டதும் திரும்புவார். கண்மாய்க் கரை வரைக்கும் போய்ப் பார்க்கணும் என்று ஆசையாகப் பேச ஆரம்பித்தார்.

ஒரு நாள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த புது மருமகளைப் பார்த்து அவர் சீட்டி அடித்தார் என்று அவள் மாமியார் தெருவையே கூட்டிவிட்டாள். "பேத்தி வயசுப் புள்ளையப் பாத்து உதட்டக் குவிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" பதில் சொல்ல அய்யாவுக்கு மூச்சு இல்லை. பேசாமல் நின்றதையே ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்ன வைத்தியம் அது என்றேன். "மருந்து மாத்திரை இல்லாம உதட்டக் குவிக்கிற வைத்தியம் எந்த ஊர்ல இருக்கு?" என்றாள் அந்த மாமியார். இதற்கென்று கையில் காட்ட ஒரு மாத்திரை அட்டை இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள். ஊதுகிற வைத்தியத்துக்கு அட்டைக்கு எங்கே போவேன்? சனியன் பிடித்த வாய்கள்.

"மானம் போனது போதும் ஆத்தா. இனிமே நான் எங்கிட்டும் நடக்கல" என்றார் அய்யா. அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. வீட்டுக்குள்ளும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் ஊதுவார். கால் இரண்டும் குச்சியாக வற்றின. மழைக்காலம் வந்ததும் படுத்துவிட்டார்.

கடைசி நாளில் பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அந்த மாமியாரும் வந்திருந்தாள். அய்யாவின் விலா எலும்பெல்லாம் ஏறி ஏறி இறங்கியது. முதுகைத் தாங்கி உட்காரவைத்தேன்.

"அய்யா, ஊதுங்கய்யா."

"காத்து வரட்டும், எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தினேன். ஒருத்தியும் நகரவில்லை. அய்யா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு உதடு இரண்டையும் இறுக மூடிக்கொண்டார்.