ஒரு விரல் இடைவெளி

பிப்ரவரி 9: பின் டயர், 850
பிப்ரவரி 24: சம்பளப் பிடித்தம், 120
மார்ச் 3: சம்பளப் பிடித்தம், 120
மார்ச் 10: சம்பளப் பிடித்தம், 240
மார்ச் 14: போல்ட், வாஷர், ரம்ப பிளேடு, 75

தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர் அவர். அவருடைய மோட்டார் சைக்கிளுக்குச் சரியான அளவு டயர் விலை அதிகம். ஓர் அளவு பெரியது மலிவாகக் கிடைத்தது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். தனியாகப் போனால் வண்டி பூனை மாதிரி போயிற்று. மனைவி பின்னால் ஏறினால் மட்டும் பள்ளத்துக்குப் பள்ளம் 'கர்ர்' என்று டயர் மட்கார்டில் உரசியது. கருகிய ரப்பர் நாற்றம் வேறு.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. பாதை மோசமான இடங்களில் அவள் இறங்கி நடப்பாள், அவர் உருட்டுவார், போய்ச் சேரும்போது கதவு சாத்தியிருக்கும், சம்பளத்தில் பிடிப்பார்கள். எச்சரிக்கைக் கடிதம் இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். ஓடிய டயரைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். வேறு வாங்கக் கையில் காசில்லை.

ஒரு மாலை வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பெரிய டயர் செயின் கவரிலும் படுமோ என்று வாஷர் கொடுத்து அதை வெளியே தள்ளினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினார்.

"பாரு, தாராளமாப் போகுது."

"போகும், போகும். காலைல உங்க விரலா நடக்குது? நான்ல நடக்கிறேன்."

அப்போதுதான் உறைத்தது. அவர் அளந்தது காலி வண்டியை.

"ஏறி உட்காரு, பார்க்கலாம்."

"ஏங்க, நாள் பூரா ஈரத் துணி தூக்கிட்டு வந்திருக்கேன்."

"உட்காரத்தானே சொல்றேன்."

ஸ்டாண்டை எடுத்து, வண்டியைச் சுவரோடு சாய்த்தார். முன்னால் உட்கார ஆள் வேண்டுமே என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "டிக்கெட் எடுத்துட்டியாடி?" என்றார்.

அவர் டார்ச்சோடு தரையில் படுத்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் குதிங்க."

"இந்த வயசுல குதிக்கச் சொல்றாரு பாரு உன் வீட்டுக்காரரு!" என்றபடியே தையல்காரம்மா குதித்தார்.

மட்கார்டைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளின் வால் நட்டைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி அமுங்கியபோது இரண்டும் டயரைத் தொட்டன. டயரிலும் அதே இடத்தில் இரண்டு கோடுகள். விரல் போன இடம் சரிதான். போல்ட் இருந்த இடத்தில் அவர் விரலே விடவில்லை.

"போதும், இறங்கலாம்."

மனைவி தையல்காரம்மாவின் முதுகில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள்.

"அஞ்சு நிமிஷம் விடுங்க," என்றார் அந்த அம்மா மெதுவாக. "வண்டி எங்க ஓடியா போகப்போகுது?"

அவரும் எழுந்திருக்கவில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, கடைக்குப் போய் வாங்கிவந்த தட்டைத் தலை போல்ட்டுகளை உள்ளிருந்து மேல்நோக்கிச் செருகினார். நட்டு வெளிப்பக்கம் வந்தது. மிஞ்சிய வாலை ரம்பத்தால் அறுத்தார். கை அசந்து ஒரு நட்டு சாக்கடையில் விழுந்தது. கரண்டியால் துழாவி எடுத்தார்.

மறுநாள் காலை முதல் பள்ளம். சத்தமில்லை. இரண்டாவதிலும் இல்லை. இருவரும் வாய் திறக்கவில்லை, திறந்தால் உரசிவிடும் என்பதுபோல. சலவைக்கூடக் கதவு திறந்திருந்தது. அதன்பின் அவள் ஒரு நாளும் தாமதமாகவில்லை.

ஆனாலும் தினமும் சாயங்காலம் வந்ததும் வீட்டுக் கதவுக்குக் கீழே கடிதம் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். "முன்னாடி லேட்டானதுக்கு இப்ப அனுப்புவாங்க. ஆபீஸ் வேலை அப்படித்தான்."

அனுப்பினார்கள். அவள் வெந்நீரில் காலை வைத்திருந்தாள்; அவர்தான் பிரித்துப் படித்தார். ஒரு மாதமாகத் தாமதம் இல்லாததால் முந்தைய எச்சரிக்கைகள் ரத்து.

"வேலை போகல."

"சரி," என்று கண்ணை மூடினாள். "காலைல டயர்ல காத்துப் பாருங்க."

அந்தக் கடிதம் வந்தது ஏப்ரல் 17.