சரோஜாவிடம் நான் கேட்காத இரண்டு கேள்விகள்

சரோஜா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தபோது, துக்கம் உடம்பில் எப்படித் தங்கிவிடும் என்று நான் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் அது. சித்திரைக் கடைசி, வெளியே தார் உருகுகிற வெயில். அவள் கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வாசலில் நின்றிருந்த அவள் கணவர் தணிகாசலம் ஓடிவந்து தூக்கினார். நான் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கவுன்சலிங் படிக்க வருகிறவர்களுக்கு உளவியலின் அடிப்படை என்று முதல் வகுப்பில் நான் சொல்வது இந்தக் கேஸைத்தான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் சமூகப்பணி படித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து அறை எனக்கு. ஊர்க்காரர்கள் அதை 'மனசு ரூம்' என்பார்கள். அங்கே வருவதற்கு வெட்கப்பட்டு, பலர் மருந்து வாங்க நிற்கிற மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கேஸ் ஹிஸ்டரி

சரோஜாவுக்கு இருபத்தாறு வயது. ஓரிக்கைக்குப் போகிற வழியில் வீடு. தணிகாசலம் பட்டு நெய்கிறவர். கரையைத் தனி நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவை என்றால், கரைப் பக்கம் நூல் ஓட்டும் நாடாக் கட்டையைப் போட இன்னோர் ஆள் தறியில் உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சரோஜாதான் உட்கார்ந்தாள். ஐப்பசியில் தாய்வீடான மாகறலில் பிரசவம். குழந்தை பிறந்தபோதே உயிரில்லை. திரும்பி வந்த சரோஜா தறியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கூப்பிட்டால் பதில் வர நேரமாகும். சாப்பாடு இறங்கவில்லை.

மாமியார் முதலில் சோம்பேறி என்றார். பிறகு காத்து கருப்பு என்று முடிவு செய்து வேப்பிலை அடித்தார்கள். அதுவும் சரிவராமல்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். ஓ.பி.யில் பார்த்த டாக்டர் 'உடலில் குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை' என்று ஒரு வரி எழுதி என்னிடம் அனுப்பினார்.

எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இறந்த குழந்தை, குறை சொல்லும் மாமியார், பேசத் தெரியாத கணவர், வாய் திறக்காத பெண். பாடத்தில் படித்ததெல்லாம் ஒரே ஆளிடம் வந்து உட்கார்ந்திருந்தது. டிப்ரெஷன் என்று எழுதினேன். பேய் என்று சொன்ன வீட்டில் துக்கம் என்று சொல்ல வந்தவள் நான் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வாரம் ஒரு தடவை வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டுதான் உட்காருவாள்.

"குளிருதுக்கா" என்பாள்.

"மனசுக்குள்ள வெறுமையா இருந்தா அப்படித்தான் இருக்கும்மா" என்பேன் நான்.

ஐந்தாவது வாரம் தணிகாசலத்தைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் மாகறல்ல அம்மா வீட்ல இருக்கட்டும். மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றேன். அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு அது வேறு மாதிரி கேட்டது. பெட்டி படுக்கையோடு கொண்டுபோய் விட்டுவிட்டு, மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றுவதாக இருந்தார்கள். அதற்கு முந்தைய புதன்கிழமைதான் என் அறையில் விழுந்தாள். இரண்டு நாளாக வாந்தி என்று அப்புறம்தான் தெரிந்தது.

வார்டில்

பிரசவ வார்டு டாக்டரம்மா அன்று டியூட்டி. பி.பி. பார்த்தார், மிகக் குறைவு. சலைன் ஏற்றச் சொன்னார். சரோஜா கண் திறந்ததும் குனிந்து கேட்டார்.

"பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சாம்மா?"

"பாய் ரெண்டு மாத்துனாங்க."

"அப்புறம் பால் கட்டிக்கிச்சா? மாரு வலிச்சுதா?"

"ஒரு சொட்டு வரலம்மா."

"தூரம் ஆனியா?"

"அதுக்கப்புறம் ஆவவே இல்ல."

அவ்வளவுதான். டாக்டரம்மா நிமிர்ந்து நர்ஸிடம் கார்ட்டிசோன் ஊசி கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனால் மூளைக்கு அடியில் இருந்து மற்றச் சுரப்பிகளை இயக்குகிற பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போகலாம். பால் சுரக்காது, மாதவிலக்கு வராது, குளிரும், தூக்கம் அமுக்கும், புத்தி மந்தமாகும். இந்த நிலைமையில் வாந்தியோ காய்ச்சலோ வந்தால் உயிருக்கே ஆபத்து.

"மாகறல்ல இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வண்டி கட்டிக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்றார்.

பாலைப் பற்றியும் மாதவிலக்கைப் பற்றியும் ஆறு வாரத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதெல்லாம் டாக்டர் வேலை என்று நினைத்திருந்தேன்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் அதுவேதான் என்று உறுதி செய்து, ஆயுசுக்கும் விடக்கூடாத மாத்திரைகளோடு அனுப்பினார்கள்.

அவர்கள் வீட்டுக்குப் போனது

என் அறிவுரையை நானே வாபஸ் வாங்க வேண்டியிருந்தது. சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போனேன். தணிகாசலம் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். மாமியார் கூடத்தில் பாவு நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் சொன்னது தப்புங்க. சரோஜாவ அம்மா வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மாத்திரை ஒரு நாள் தவறினாலும் ஆபத்து. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கணும்."

மாமியார் அப்போதுதான் பார்த்தார். "மனசுல கோளாறுன்னு நீதானமா சொன்ன?"

"ஆமா. தப்பா சொல்லிட்டேன்."

"பேயும் இல்ல, மனசும் இல்ல. அப்ப இன்னாதான் அது?"

ஒரு சுரப்பி, ரத்தம் போனதால் கெட்டுப்போச்சு என்று சொன்னேன். அந்த அம்மாள் கையிலிருந்த நூலை முடிந்தார். "எனக்கும் மூணாவதுக்கு அப்படித்தான் ரத்தம் போச்சு. நான் பொழச்சிக்கினேன்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் வேறு பெண் பேச்சு எழவில்லை என்று தணிகாசலம் பிறகு சொன்னார்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தப்பாகச் சொன்னது ஒரு பக்கம். அதை அவ்வளவு நன்றாக, நம்பும்படி சொல்லியிருந்தேனே என்பதுதான் அதிகம் உறுத்தியது.

ஆடி மாதம்

சரோஜா தறியில் உட்கார ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, கேஸை முடித்துக் கட்டி வைத்துவிட்டேன். ஆடியில் ஒரு நாள் தனியாக வந்தாள். முகம் தெளிந்திருந்தது. மாத்திரை வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"இப்பதான்கா அழுவ வருது" என்றாள். "அப்ப அழுவறதுக்குக்கூட தெம்பு இல்ல."

பெண் குழந்தையாம். அவளிடம் காட்டாமலே எடுத்துப் போய்விட்டார்களாம். எங்கே புதைத்தார்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையாம். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது.

துக்கம் இருக்கிறது என்று ஆரம்பத்தில் நான் எழுதியது பொய்யில்லை. ஒரு காரணம் பொருந்திவிட்டது என்பதால் இன்னொரு காரணத்தைத் தேடாமல் விட்டேன். அதில் ஓர் உயிர் போயிருக்கும். ஆகவே மனசு ரூமுக்கு வருகிறவர்களிடம் தூக்கம், பசி, எடை, மாதவிலக்கு, குளிர், சூடு எல்லாம் கேளுங்கள். டாக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள். என்ன பார்த்தார் என்றும் கேளுங்கள். உங்கள் விளக்கம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறதோ, அவ்வளவுக்கு அதைச் சந்தேகப்படுங்கள்.

மறுவாரம் சரோஜா கணவரோடு மாகறல் போனாள். குழந்தையைப் புதைத்த இடத்தை அவள் அண்ணன் காட்டினாராம். திரும்பி வந்து என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பாத்துட்டேன்கா."