அம்மா போட்ட இலை

நேற்று ஓவியக் கண்காட்சியில் என் அம்மா போட்ட வாழையிலையைப் பார்த்தேன். படம்தான், ஆனாலும் சம்பல் பெலாச்சான் என்ற மலாய் இறால் துவையலின் வாசம் மூக்கில் ஏறியது.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருசம். காஜா பெராங் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு ஓவியர், தமிழர் சாப்பாட்டை வரைய ஆசைப்பட்டார். அம்மா சமைத்து, இலை நிறையப் பரிமாறினார். ஓவியர் இலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாதி வரைந்துவிட்டார். எட்டிப் பார்த்த அம்மாவுக்குக் கோபம் வந்தது.

“நுனி வலப்பக்கமா இருக்கே, தம்பி!”

“படத்துக்கு அதுதான் அழகு, அக்கா.”

“படத்தப் பாக்குறவங்க என் விருந்தாளி. அவங்களுக்கு இலைய மாத்திப் போடுவேனா? திருப்பி வரை. இல்லாட்டி சோத்த எடுத்துட்டுப் போறேன்.”

அவர் முனகிக்கொண்டே புதுத் தாளை எடுத்தார். என் அம்மா அப்படிப்பட்டவர்.

நேற்று அந்தப் படத்தின் முன் ஒரு சீனப் பெண் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றாள். இலை நுனி அவளுக்கு இடப்பக்கம் இருந்தது.

“மக்கான்லா,” என்று நானே சாப்பிடச் சொன்னேன்.