தங்கவயலில் ஓர் அமெரிக்கத் தடை

ஸ்டெல்லா ஊரைக் காலி செய்கிறாள் என்று அவள் கணவர் செல்வராஜ் போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவளே சொல்லியிருக்கலாம். ஓசூரில் மகன் வீடு. பிப்ரவரி கடைசி ஞாயிறு ஒரேயடியாகக் கிளம்புகிறார்கள். அதற்குள் அவளோடு ஊரை ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று புதன்கிழமையே சென்னையில் ரயிலேறினேன். நாங்கள் இருவரும் கோலார் தங்கவயலில் பிறந்து, இங்கேயே பி.ஏ. வரலாறு படித்தவர்கள். நான் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனேன், அவள் அதே தங்கவயலின் மாரிகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். சினிமா பார்த்துவிட்டுத் தங்கம் தேடி வருகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. மற்றவர்கள் வாருங்கள்.

சென்னையிலிருந்து பங்காருப்பேட்டைக்கு ஐந்து மணி நேரம். இரண்டாம் வகுப்பு இருக்கை நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கே இறங்கி மாரிகுப்பம் கிளை ரயிலைப் பிடிக்க வேண்டும். பதினாறு கிலோமீட்டர், முக்கால் மணி, பத்து ரூபாய் டிக்கெட். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு பெயர்ப் பலகை வரும்போதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வயதாகிவிட்டால் பெயர்ப் பலகைக்கெல்லாம் அழுகை வருகிறது.

ஜன்னலில் சயனைட் மேடுகள் தெரிய ஆரம்பித்தன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மணல், மலை மலையாக. காற்றுக் காலத்தில் அந்த மணல் விழாத சோற்றை எங்கள் ஊரில் யாரும் தின்றதில்லை. ஷிப்ட் மாறும்போது சுரங்கத்தில் சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைகளை எழுப்புவார்கள், சண்டையை நிறுத்துவார்கள். என் அப்பா சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நேரம் தப்பிச் சங்கு ஊதினால் கீழே ஏதோ விபத்து என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். சுரங்கம் மூடி அந்தச் சத்தம் இல்லாமல் போன மாரிகுப்பத்தில் இறங்கியபோது காது அடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் வியாழன், காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ. நாள் முழுக்க எண்ணூறு ரூபாய் என்று பேசினோம். ஓட்டுநர் பாபு, ஸ்டெல்லாவின் தெருக்காரர். சாம்பியன் ரீஃப் சாஃப்ட்டின், அதாவது சுரங்கக் குழியின், இரும்புக் கோபுரத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஆட்களைப் பூமிக்குள் இறக்கிய கூண்டை கேஜ் என்போம். அதை இழுத்த சக்கரம் இன்னும் உச்சியில் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள், காவலரிடம் கெஞ்சி நேரத்தை வீணாக்காதீர்கள். உரிகத்தில் நான் பிறந்த வீட்டில் யாரோ இரண்டு ஆடு வளர்க்கிறார்கள். ஆடுகள் நன்றாகவே இருந்தன. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

"பாலகாட் பக்கம் உடட்டுமாக்கா? அங்கியும் ஒரு சாஃப்ட் கீது," என்றார் பாபு.

"வாணாம். நேரா ராபர்ட்சன்பேட்ட போ," என்றாள் ஸ்டெல்லா.

பாபு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஊருக்கே தெரிந்த விஷயம் போலிருக்கிறது.

எனக்கும் தெரியும். பாலகாட் பக்கமே போகாத அவள் பிடிவாதத்துக்கு எம்பார்கோ, அதாவது தடை, என்று பெயர் வைத்தவளே நான்தான். பி.ஏ.வில் எங்களுக்கு அமெரிக்க வரலாறு ஒரு பாடம். ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் சண்டை போட்டுக்கொண்டு, இருவரோடும் வியாபாரம் செய்த அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தன. இங்கிலாந்து அந்தக் கப்பல்களின் மாலுமிகளையும் இழுத்துக்கொண்டு போனது. அமெரிக்க ஜனாதிபதிக்கு ரோஷம் வந்தது, ஆனால் போருக்குப் போக மனமில்லை. 1807 கடைசியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: நம் கப்பல் எதுவும் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது, நம் சரக்கு இல்லாமல் அவர்கள் தவிக்கட்டும். தவித்தது யார்? இங்கிலாந்து தென்னமெரிக்காவில் வேறு சந்தை பார்த்துக்கொண்டது. அமெரிக்கத் துறைமுகங்களில்தான் கப்பல்கள் சும்மா கிடந்தன, மாலுமிகளுக்கு வேலை போனது, விவசாயியின் கோதுமை விலை போகவில்லை. கனடா எல்லையில் கள்ளக்கடத்தல் மட்டும் அமோகம். பரீட்சையில் இந்தத் தடையின் காரணங்களையும் விளைவுகளையும் கேட்டிருந்தார்கள். ஸ்டெல்லா காரணங்களை மட்டும் ஆறு பக்கம் எழுதினாள். விளைவுகளுக்கு நேரம் போதவில்லை.

அவள் போட்ட தடைக்கும் காரணங்கள் உண்டு. அவள் பிறந்தது தங்கவயலிலேயே இருக்கும் பாலகாட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில். பக்கத்து வீடு தனம். நடுவில் ஒரே சுவர். கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டுக் கலகலாப் பலகாரம் அங்கே போகும், பொங்கலுக்கு அந்த வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் இங்கே வரும். சுரங்கத்தை மூடுகிறார்கள் என்றானபோது, விடமாட்டோம் என்று கேட் முன்னால் உட்கார்ந்தவர்களில் செல்வராஜும் ஒருவர். தனத்தின் கணவர் முனுசாமி விருப்ப ஓய்வுக்கு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஸ்டெல்லா பாலகாட்டில் கால் வைப்பதில்லை. பாலகாட் சாமான் எதுவும் அவள் வீட்டுக்குள் வரக் கூடாது. பாலகாட்டுக்கு இறங்கும் ஸ்டேஷன் கோரமண்டல். ரயில் அங்கே நின்றால் மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வாள். இருபது வருடத்துக்கு மேலாகத் தான் பிறந்த தெருவையே பார்க்கவில்லை. போன வருடம் முனுசாமி இறந்துபோனார். அதற்கும் அவள் போகவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பி, கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே டீ குடித்தோம். செல்வராஜ் ஒரு ராபர்ட்சன்பேட்டை பேக்கரிப் பையிலிருந்து தேங்காய் பன் எடுத்துக் கொடுத்தார். ஒரு கடி கடித்தேன். சோம்பு வாசனை, அடியில் லேசாகக் கருகிய வெல்லம். சந்தேகமே இல்லை, பாலகாட் பேக்கரி பன். நான் நிமிர்ந்து பார்த்ததும், சொல்லிவிடாதே என்று செல்வராஜ் கண்ணைக் காட்டினார்.

"கண்ண காட்டாதீங்க," என்றாள் ஸ்டெல்லா, டீயிலிருந்து தலை தூக்காமல். "பைய மாத்தி எடுத்துனு வர்றீங்க. எத்தினி வருசமா துன்றேன், எனக்குத் தெரியாதா? பாலகாட்ல பொறந்தவ நானு."

செல்வராஜ் அசடு வழிந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "எனக்கும் முனுசாமிக்கும் சண்ட ஒரு வருசங்கூட நிக்கல, புவனா. சுரங்கம் மூடினப்புறம் ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனோம். ஒரே சீட்டு. என் டப்பாவ அவன் துன்னுவான், அவன் டப்பாவ நானு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப யாருக்காகடி இந்த எம்பார்கோ?"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "கோவம் எப்பவோ போயிட்ச்சி. அவரு செத்தப்ப பொடவ மாத்தினு இந்த வூட்டு வாசல் வரைக்கும் வந்தேன். இத்தினி வருசம் வராதவ சாவுக்கு மட்டும் வந்துட்டாளான்னு கேட்டா இன்னா சொல்றது? எந்த மூஞ்ச வச்சினு போறது?"

நான் சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "அந்தாளு எப்ப எடுத்தாரு தடைய?"

"எந்த ஆளு?"

"அதான்டி, ப்ரெசிடென்ட்டு."

"பதவி முடிய மூணு நாள் இருக்கும்போது. போட்டவரே கையெழுத்துப் போட்டு எடுத்தாரு."

சுவரில் கடைசியாக மிச்சமிருந்தது காலண்டர்தான். அதை வியாழனிலிருந்து ஞாயிறு வரை பார்த்தாள். கையிலிருந்த பாதி பன்னைக் கீழே வைத்தாள். "பாபு வண்டி கீதா பாருங்க," என்றாள் கணவரிடம்.

பாலகாட்டுக்கு ஏழு கிலோமீட்டர். வழி முழுக்க ஸ்டெல்லா என் கையை விடவில்லை. லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. தனம் தன் வீட்டு வாசற்படியில் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடி, இப்பதான் ஷிப்ட் முட்ஞ்சிதா?"

ஸ்டெல்லா அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "நான் வராம பூட்டேன்டி."

"தெரியும். உன் வூட்டு வாசல் வரைக்கும் வந்தியாமே, உன் வூட்டுக்காரரு சொன்னாரு. அங்கியே நின்னுட்டியேன்னுதான் எனக்கு ஆத்தரம்." தனத்தின் குரலும் உடைந்துவிட்டது. முறத்தைத் தோழியின் மடிக்கு நகர்த்தினாள். "சும்மா அழாத. இத ஆய்."

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஸ்டெல்லா பாலகாட்டில்தான் இருந்தாள். மூட்டை கட்டியது நானும் செல்வராஜும். இருபது வருடப் பேச்சுக்கு இரண்டு நாள். இந்த முறையும் அவளுக்கு நேரம் போதவில்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வரப்போகிறவர்களுக்கு: தங்கும் விடுதி ராபர்ட்சன்பேட்டையில் பாருங்கள், எண்ணூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை. சயனைட் மேட்டில் காற்று நாளில் ஏறாதீர்கள். அரை நாள் மிச்சமிருந்தால் பூதிகோட்டைக்குப் போகலாம், வழியெல்லாம் வயல். தேங்காய் பன்னுக்குப் பாலகாட் போங்கள். காலை பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும்.

ஞாயிறு காலை மூவரும் ரயிலேறினோம். கோரமண்டலில் வண்டி ஒரு நிமிடம்தான் நிற்கும். உரிகம் தாண்டியதுமே ஸ்டெல்லா எழுந்து கதவருகே போய் நின்றாள். பிளாட்பாரத்தில் தனம். ஒரு பை கை மாறியது, வண்டி நகர்ந்தது. உள்ளே பன் சூடாக இருந்தது, ஆனாலும் பங்காருப்பேட்டை வரும்வரை ஸ்டெல்லா பையைப் பிரிக்கவில்லை. பாலகாட் பேக்கரி என்று அச்சடித்த பக்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.